லீவில் நின்ற இரண்டு விரல்கள்

காலை பத்துப் பத்துக்குக் கடிதம் வந்தது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். சித்தாண்டிப் பக்கத்து நெல் மில் ஒன்றில் நான் கிளாக்கர். வந்த நேரத்தைப் புத்தகத்தில் எழுதியது என் கை. அந்தக் கடிதம்தான், வாசகரே, 'ஒன்றும் நடக்கவில்லை' என்னும் உயிரினத்தை எங்கள் மில்லில் பிறப்பித்தது.

காப்புறுதிக் கம்பனி எழுதியது இவ்வளவுதான். மூன்று வருடத்தில் காயப்பட்ட தொழிலாளருக்கு எவ்வளவு நட்டஈடு போனது என்று பார்த்துத்தான் இதுவரை மில் அவர்களுக்கு வருடாவருடம் கட்டும் பணத்தைத் தீர்மானித்தார்கள். இனி எத்தனை விபத்து என்று எண்ணித் தீர்மானிப்பார்கள்; விபத்துக் கூடினால் பணமும் கூடும். கை போனாலும் ஒன்று. நகம் போனாலும் ஒன்று.

மனேஜர் உதயரூபன் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு அவர் கண்ணில் விபத்து எதுவும் படவில்லை.

மில் கூட்டும் இராசாத்தியக்கா தவிட்டில் சறுக்கினால், மனேஜர் கணக்கில் அக்கா விழவில்லை, களைப்பாறினார். மூட்டை தூக்கும் மஜீட்டின் பாதத்தில் மூட்டை இறங்கினால், மூட்டை தன் வழியில்தான் வந்தது, கால்தான் அனுமதியில்லாமல் அங்கே நின்றது. முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, பிளாஸ்டர் கேட்பவர் 'காயம் வீட்டில் பட்டது' என்று கையெழுத்து வைக்கவேண்டும் என்றும் விதித்து, வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று பலகை மாட்டினார்; அதில் நாளின் எண்ணைத் தினமும் வெண்கட்டியால் தானே ஏற்றுவார். ஒருநாள் பலகை கழன்று அவர் தோளிலேயே விழுந்தது. தோளைத் தடவிக்கொண்டு எழும்பி, எண்ணில் ஒன்றைக் கூட்டினார்.

நூற்றுப் பன்னிரண்டாம் நாள், மூட்டை தைக்கும் கோணாமலையண்ணனின் வலது கை மெஷின் பெல்ட்டுக்குள் போனது. இரண்டு விரல்கள் திரும்பி வரவில்லை.

மனேஜர் கல் நெஞ்சக்காரரா? இல்லவே இல்லை. காயத்தைத் தன் சட்டைப்பை லேஞ்சியால் கட்டி, தன் காரின் பின்சீட்டில் ஏற்றி, மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வரை அந்தக் கையை மடியில் வைத்திருந்தவர் அவர்தான். திரும்பி வந்து, இரத்தம் காயாத சட்டையோடு லீவுப் புத்தகத்தை விரித்து, கோணாமலைக்கு அன்று முழுநாள் லீவு என்று எழுதியவரும் அவர்தான்.

மறுநாள் தோடம்பழத்தோடு மனேஜரும் நானும் பார்க்கப் போனோம். லீவு விஷயம் கோணாமலையண்ணன் காதுக்கும் எட்டியிருந்தது.

"தம்பி, நான் லீவெண்டா, பெல்ட்டுக்குள்ள கை குடுத்த ஆர்?"

"அண்ணன், லீவு நாளையில ஆக்கள் எங்க போறாங்க, என்ன செய்றாங்கெண்டு மில் பாக்கேலா. அது உங்கட சொந்த அலுவல்," என்றார் மனேஜர்.

கோணாமலையண்ணன் கையின் துணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"மறுகா லீவு முடிய, விரல் ரெண்டும் வேலைக்கு வருமோ?"

மனேஜர் தோடம்பழத்தை உரித்து, அவருடைய இடது கையில் வைத்தார்.

சிரிக்கிறீர்களா? ஈரத் தெருவில் சைக்கிளோடு விழுந்தால், முழங்காலைப் பார்க்க முதல், யாரும் கண்டார்களா என்று தெருவைத்தானே பார்க்கிறீர்கள்? பிள்ளை தடுக்கி விழுந்து அழும்போது "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்பது யாருடைய வாய்? இந்த இனத்தைத் தேடி எங்கள் மில் வரை அலைய வேண்டாம்.

என்னிடம் மனேஜர் எதுவும் சொல்லவில்லை. நட்டஈட்டுப் படிவம் என் மேசையில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் கோணாமலையண்ணனுக்கு எதுவும் கிடையாது. பெயர், வயது, எந்தக் கை, எந்த விரல்கள், எல்லாம் எழுதிவிட்டேன். அந்தக் கை பெல்ட்டுக்குள் போனபோது மில் மணிக்கூடு பதினொன்று இருபது காட்டியது, நான் பார்த்தேன். 'விபத்து நடந்த நேரம்' என்ற கட்டம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது.