நாலாம் பக்கத்துப் புல்லாங்குழல்

"தம்பி, நாலாம் பக்கம் இன்னும் வெறும் பக்கமாத்தான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள வாழ்க்கை வரலாறு வந்தாகணும்" என்று அச்சகத்து நியோம் அக்கா போனில் சொன்னபோது, தவோன் அப்பாவின் நாற்காலியில் சாய்ந்து ஐஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

நாளை மறுநாள் அப்பாவுக்குத் தகனம். தாய்லாந்தில், பிச்சித் ஊர்ப் பக்கம் நினைவுப் புத்தகம் போடாமல் ஒரு வாத்தியாரை எரிப்பது மரியாதை இல்லை. வருகிறவர்கள் கையிலெல்லாம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். தீ வைக்கும் முன் அவர் வரலாற்றை ஒலிபெருக்கியில் படிக்க வேண்டும். அட்டை தயார். 'ஓய்வுபெற்ற ஆசிரியர், அன்புத் தாத்தா, சனான்' என்று தங்க எழுத்தும் விழுந்தாயிற்று. உள்ளே அவர் வாழ்ந்தது மட்டும்தான் பாக்கி.

தவோன் பாங்காக்கில் நிலப்பதிவு அதிகாரி. எந்த நிலம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதைப் பத்து நிமிடத்தில் எழுதிவிடுவான். இப்போது 'சனான் பிறந்தது' என்று எழுதிவிட்டு நிறுத்தினான்.

"சுமாலி, அப்பா எங்க பிறந்தாரு?"

"என்னைக் கேட்டா? மூத்தவன் நீதானே அண்ணே."

"சரி, பள்ளிக்கூடத்துல என்ன பாடம் நடத்தினாரு?"

"சரித்திரம்."

"கணக்குடி! என்னை அடிச்சு அடிச்சுக் கணக்குதான் சொல்லிக் குடுத்தாரு."

"அது வீட்டுல. பள்ளிக்கூடத்துல சரித்திரம்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்க!"

"வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணித் திருவிழாவுக்கு வந்து சோறு தின்னுட்டுப் போறவன், நீ என்னை விசாரிக்கிறியா?"

அவள் சோறு தின்னக்கூட வந்ததில்லை. அதைச் சொன்னால் சண்டை பெரிதாகும் என்று தவோன் போனை எடுத்துப் பார்த்தான்.

பேரப்பிள்ளைகள் பக்கத்துக்கு அவன் மகள் பிம் பாங்காக்கிலிருந்து வரிகள் அனுப்பியிருந்தாள். 'எங்கள் அன்புத் தாத்தாவை என்றென்றும் மறவோம்.' அதற்குக் கீழே இன்னொன்று: 'அப்பா, தாத்தாவுக்கு என்ன வயசு? அதை நீங்களே போட்டுக்குங்க.'

வேறு வழி தெரியாமல் தவோன் அப்பாவின் அலமாரியைத் திறந்தான். உள்ளே நாற்பது வருஷத்து நினைவுப் புத்தகங்கள், ஊரில் செத்தவர்கள் எல்லாரும் வரிசையாக. ஒன்றை உருவினான். பூன்லுவ என்ற வாத்தியார், போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். 'மழைக்காலத்தில் சின்னப் பிள்ளைகளைத் தோளில் சுமந்து ஓடையைக் கடந்தார். மாலை வேளைகளில் தனியே அமர்ந்து புல்லாங்குழல் வாசித்தார்.' தவோனுக்கு உயிர் வந்தது. பேரை மட்டும் மாற்றினான்.

"தப்பில்லையா அண்ணே?"

"வாத்தியாருங்க எல்லாரும் ஒரே மாதிரிதான். யாரு கேக்கப் போறா?"

மறுநாள் காலையிலேயே ஆள் வந்தது. விகாரைக் குழுத் தலைவர் வினய், கண்ணைத் துடைத்துக்கொண்டே படியேறினார். அச்சகத்தில் எட்டிப் பார்த்து நாலாம் பக்கத்தைப் படித்துவிட்டாராம்.

"ஆறு வருஷம் அவர்கிட்ட அறிவியல் படிச்சேன். குழல் வாசிப்பாருன்னு தெரியாமப் போச்சே!"

அறிவியல். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தக் குழலைப் பெட்டி பக்கத்துல வைக்கணும். அவரோட கண்ணாடி, பேனா எல்லாம் வச்சிருக்கோமில்ல?"

சுமாலி பின்வாசல் வழியாகச் சந்தைக்கு ஓடி ஒரு குழல் வாங்கி வந்தாள். அது பளபளவென்று இருந்தது.

"புதுசு மாதிரி இருக்கே?" என்றார் வினய்.

"அப்பா தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பாரு" என்றான் தவோன்.

"அவ்வளவு உயிரா வச்சிருந்தாரா! அப்போ தீ வைக்கிறதுக்கு முன்னால பிள்ளை ஒரு மெட்டு வாசிச்சே ஆகணும். அப்பா வாசிச்சது காதுல இருக்குமே."

"ஐயோ, வாசிச்சா அழுதுடுவேங்க."

"அழுதுக்கிட்டே வாசிங்க. ரொம்ப நல்லாருக்கும்."

தகனத்தன்று ஒலிபெருக்கி நாலாம் பக்கத்தைப் படித்தது. தோளில் சுமந்து ஓடையைக் கடந்தார் என்றதும் கூட்டம் விம்மியது. தாங்கள் சுமக்கப்பட்டதாக இரண்டு பேருக்கு ஞாபகமே வந்துவிட்டது. தவோன் மேடையேறிக் குழலை உதட்டில் வைத்து ஊதினான். காற்றுதான் வந்தது. இன்னும் பலமாக ஊதினான். இன்னும் பலமான காற்று வந்தது. துக்கத்தில் பிள்ளைக்கு மூச்சடைக்கிறது என்று ஊரே அழுதது. வெட்கக்கேடு. பூன்லுவ வீட்டார் யாராவது கூட்டத்தில் இருந்துவிடக் கூடாதே என்று அவனுக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. அப்பா போனதற்கு அவன் இவ்வளவு கலங்கவில்லை.

தீ வைத்தாயிற்று. மரச்சீவலில் செய்த சந்தனப் பூவைக் கடைசி மரியாதையாக வைத்துவிட்டு எல்லாரும் இறங்கினார்கள். புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்த நியோம் அக்கா மிச்சப் பிரதிகளோடு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தம்பி, பூன்லுவ வாத்தியார் யாருன்னு தெரியுமா?"

"தெரி... தெரியாதுக்கா."

"எங்கப்பா."

"அக்கா, மன்னிச்சுடுங்க. உங்கப்பாவோட குழலை நான்..."

"எங்கப்பா குழலைத் தொட்டதே இல்ல தம்பி. அவரு போனப்போ நாங்க அஞ்சு பேரும் உங்களை மாதிரிதான் பேனாவைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். சனான் வாத்தியார்தான் எழுதிக் குடுத்தாரு. எங்களுக்கு மட்டுமில்ல. உங்கப்பா அலமாரியில இருக்கிற அத்தனை புத்தகமும் அவரு எழுதினதுதான்."

தவோன் கையிலிருந்த குழலைப் பார்த்தான். நியோம் அக்கா தகன மேடையின் புகைபோக்கியைப் பார்த்தாள்.

"ஏன் வாத்தியாரே, இல்லாததையெல்லாம் இவ்வளவு அழகா எழுதறீங்கன்னு ஒருநாள் கேட்டேன். 'நாளைக்கு என் பிள்ளைங்க இதுல ஒண்ணைப் பார்த்துத்தான் எனக்கு எழுதுவாங்க, அதான் எல்லாத்தையும் நல்லாவே எழுதி வைக்கிறேன்'னாரு."