காயாத தார்

டுலூத்,
அக்டோபர் 19

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய லவோன் அக்காவுக்கு,

தம்பி வெண்டலின் வணக்கம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, பொறாமைதான் உண்டு. இங்கே நானும் என் மனைவி ஆர்டிஸும் உயிரோடு இருக்கிறோம். எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஆர்டிஸைப் புதன்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது. காரணம், கராஜிலிருந்து தெருவுக்குச் சரிவாக இறங்கும் எங்கள் தார்ப்பாதை. போன மாதம் அவள் இடறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதும் அதில்தான். அதன் நடுவே இப்போது ஒரு விரிசல், என் சுண்டுவிரல் நுழைகிற அகலம். பக்கத்து வீட்டு ரெய்னோ முப்பது வருஷம் ரோடு வேலை பார்த்தவன். குனிந்து பார்த்தான்.

"இதுக்குள்ள தண்ணி எறங்கும் வெண்டல். உறைஞ்சா ஊதும். உருகினா இன்னும் ஆழமா எறங்கும். ஏப்ரல்ல இங்க ஒரு குழி இருக்கும், ஒன் பொண்டாட்டி அதுக்குள்ள இருப்பா" என்று சொல்லிவிட்டு நிதானமாகக் காப்பி குடித்தான்.

அன்றே இலைகளைப் பெருக்கி, விரிசலில் முளைத்த புல்லைப் பிடுங்கி, அடைக்கிற தாரை ஊற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவன் எங்கே நிறுத்துவான்? பாதை முழுக்கப் பூச ஐந்து வாளி கறுப்புப் பூச்சு வாங்கி வந்தேன். ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே குளிர்ந்தால் பூசக் கூடாது என்று வாளியில் எழுதியிருந்தது. கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தேன். திங்கட்கிழமை ஐம்பத்துநாலு டிகிரி. நாலாவது வாளியைத் திறக்கும்போது ஏரியிலிருந்து காற்று திரும்பியது, சரசரவென்று நாற்பதுக்கு இறங்கிவிட்டது. பாதியில் விட மனம் வராமல் பூசி முடித்தேன். செவ்வாயன்றும் அது காயவில்லை. ஆர்டிஸின் ஹேர் டிரையரை எடுத்து வந்து மண்டியிட்டேன்.

"என்னப்பா, ரோட்டுக்குத் தலை சீவி விடப் போறியா?" என்றான் ரெய்னோ.

புதனன்று வண்டி வந்தது. நான் வீட்டுப் படியில், ஆர்டிஸ் தெருவில் வாக்கரோடு, நடுவில் மினுமினுவென்று ஈரத் தார். வண்டி ஓட்டி வந்த பெண் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, நான் இதுல கால வைக்க மாட்டேங்க, புது பூட்ஸு."

ரெய்னோ தன் கொட்டகையிலிருந்து பலகைகளைத் தூக்கி வந்து புல்தரையில் போட்டான். ஆர்டிஸ் அதன் மேல் அடி அடியாக ஏறி வந்தாள். பாதி வழியில் ஒரு பலகை வழுக்கியது. வாக்கர் சாய்ந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை அக்கா, தாரின் குறுக்கே ஓடினேன். செருப்பு இரண்டும் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. வெறும் சாக்ஸோடு போய் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"இடுப்பு ஒடைஞ்சது எனக்குத்தானே? நீ எதுக்கு இப்பிடி நடுங்குற?" என்றாள்.

"மறுபடி விழுந்துருவியோன்னுதான்" என்றேன்.

அவள் என் தோளைப் பிடித்தபடியே என் காலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மொதல்ல அந்த சாக்ஸக் கழட்டு. அதோட என் கம்பளத்துல கால வச்சே, அடுத்த ஆபரேஷன் ஒனக்கு."

இப்போது அவள் உள்ளே நிம்மதியாகத் தூங்குகிறாள், நான் ஜன்னலில் நிற்கிறேன். நாளைக்கு உறைபனியாம். வழுக்காதிருக்க உப்புப் போட்டால் பனி ஒரே நாளில் நாலு தரம் உருகி நாலு தரம் உறைந்து பாதை பிளந்துவிடும், மணல்தான் போட வேண்டும் என்று ரெய்னோ பயமுறுத்துகிறான். இங்கே கடையில் மணல் தீர்ந்துவிட்டது. உங்கள் பாலைவன ஊரில் அது சும்மாதானே கிடக்கிறது? அத்தானிடம் சொல்லி இரண்டு மூட்டை உடனே அனுப்பு.

உன் வீட்டு வாசலில் என்றும் பனி விழாதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் தம்பி
வெண்டல்

பின்குறிப்பு: மணல் வேண்டாம். இப்போதுதான் தபால் வந்தது. தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்காக மே மாதம் எங்கள் பாதை முழுவதையும் நகராட்சியே பெயர்த்தெடுக்கப் போகிறதாம். படித்துக் காட்டினேன், ஆர்டிஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வெகுநாள் கழித்து நெஞ்சு லேசானது. புதுத் தார் எப்போது போடுவீர்கள் என்று போன் செய்து கேட்டேன். அக்டோபர் கடைசியிலாம்.