கேட்காத கிட்டார்

“இன்னைக்கு உன் கிட்டார் கேக்கவே இல்ல.”

இவ்வளவுதான் சொன்னார் ஆர்வில் ஸ்டெக்கர். சொல்லிவிட்டு ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். லீலண்ட் ப்ரொஹாஸ்கா கோட்டை மாட்டியவன் மாட்டியபடியே மேடையில் நின்றான். ஒரு கை கோட்டுக்குள்ளே போயிருந்தது, இன்னொரு கைக்கு வழி தெரியவில்லை.

ஏரிக்கரை சப்பர் கிளப் என்ற உணவு விடுதியில் வெள்ளிக்கிழமை என்றால் பொரித்த மீனும் ஆர்வில் குழுவின் நடன இசையும். விஸ்கான்சினில் அந்த வட்டாரத்துக்கே அது வழக்கம். லீலண்ட் பல வருடங்களாக அங்கே மீனைத் தின்றுகொண்டே மேடையைப் பார்த்து ஏங்கியவன். பகலில் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் வீட்டு நிலவறையில் தனியாக உட்கார்ந்து கிட்டார். குழுவின் கிட்டார்க்காரர் ஹார்லன் குளிர்காலத்தில் காலமானார். அந்த நாற்காலியில் மே மாதம் முழுக்க உட்கார்ந்து பார், பிறகு முடிவு செய்வோம் என்று ஆர்வில் சொன்னபோது, லீலண்ட் காரிலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதான். இப்போது முதல் வெள்ளிக்கிழமையே இப்படி.

அவனுடையது ஆர்ச்டாப். வயலினைப் போல மேற்பலகையை வளைத்துச் செதுக்கிய கிட்டார். மின்சாரம் எதுவும் கிடையாது, வெறும் மரமும் கம்பியும்தான். ட்ரம்பெட், சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது அது என்ன செய்யும், பாவம்.

“கேக்கலன்னா கேக்க வெச்சுட்டா போச்சு” என்றான் மனைவி கோரினிடம். அவள் அடுத்த வாரத்துக்கான கூப்பன்களை வெட்டிக்கொண்டிருந்தாள். நீ எதையாவது சரிபண்ணப் போறேன்னு சொன்னாலே வீட்டுல ஒண்ணு போச்சுன்னு அர்த்தம் என்றாள். போன தடவை அவன் சரிபண்ணப் போனது பாத்திரம் கழுவும் இயந்திரத்தை. அதிலிருந்து அவர்கள் பாத்திரத்தைக் கையால்தான் கழுவுகிறார்கள்.

இசைக்கருவிக் கடையில் இரண்டு யோசனை சொன்னார்கள். ஒன்று, வெண்கலம் சுற்றிய கம்பி. மரத்தை உரக்கப் பேச வைக்கும். இன்னொன்று, கம்பிகளுக்கு அடியில் வைக்கும் காந்த பிக்கப். சத்தத்தை ஒலிபெருக்கும் ஆம்புக்கு அனுப்பும். எது வேண்டும் என்று கேட்டார்கள். லீலண்டுக்கு ஒன்று போதும் என்று சொல்லிப் பழக்கமில்லை. இரண்டையும் வாங்கி மாட்டினான்.

வெண்கலத்தைக் காந்தம் சீந்தாது என்பதை இரண்டாவது வெள்ளிக்கிழமை, முந்நூறு பேர் முன்னால் தெரிந்துகொண்டான். தடித்த நான்கு கம்பிகளும் கிணற்றுக்குள்ளிருந்து முனகின. மேலே இருந்த இரண்டும் வெறும் எஃகு. அவை மட்டும் காந்தத்துக்கு வாகாக மாட்டி, தட்டில் கரண்டி விழுவது போலக் கணீர் கணீர் என்றன. ஒவ்வொரு தட்டலுக்கும் முன்மேசைக் கிழவி ஒருத்தி தன் தட்டை எட்டிப் பார்த்தாள்.

முடிந்ததும் ஆர்வில் வந்தார். முகம் எலுமிச்சையைக் கடித்ததுபோல இருந்தது.

“இன்னைக்குக் கேட்டுச்சு” என்றார்.

லீலண்ட் வீட்டுக்கு வந்து கோரினைத் தூக்கிச் சுற்றப்போனான். அவள் விடவில்லை. “கேட்டுச்சுன்னு சொன்னப்போ மூஞ்சி எப்படி இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள். பெண்களுக்கு இது எப்படித்தான் தெரிகிறதோ. மூஞ்சி சரியில்லைதான் என்று ஒப்புக்கொண்டான். ஆக, சத்தம் வந்துவிட்டது, குணம் வரவில்லை. ஹார்லனின் கிட்டார் எப்படி இருக்கும் என்று டிரம்ஸ் வாசிக்கும் டெல்பர்ட்டைத் தொலைபேசியில் கேட்டான். டெல்பர்ட் வெகுநேரம் யோசித்துவிட்டு, மரம் மாதிரி இருக்கும் என்றான். அப்படியானால் தன்னுடையது கம்பி மாதிரி இருக்கிறது. மரத்தை மரமாகவே பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதானே. லீலண்டுக்கு வழி தெளிவாகிவிட்டது. அவனுக்கு வழி தெளிவானால் கூட இருப்பவர்களுக்குக் கஷ்டகாலம்.

வெண்கலத்தைக் கழற்றி நிக்கல் கம்பி மாட்டினான். காந்தம் சந்தோஷமாக ஆறையும் பிடித்துக்கொண்டது. ஆனால் கிட்டாரின் சொந்தக் குரல் போய்விட்டது. எந்தக் கடையிலும் கிடைக்கும் மின்கிட்டார் போலவே ஒலித்தது. மரம் எங்கே என்று தேடிக்கொண்டே ஆம்பைத் திருப்பினான், திருப்பினான், வலது பக்கம் முடியும் வரை திருப்பினான். மூன்றாவது வெள்ளிக்கிழமை பியானோக்காரர் நடுப்பாட்டில் எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டார். பியானோ நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

“நல்லாவே கேட்டுச்சு” என்றார் ஆர்வில். இந்த முறை அவர் லீலண்டின் முகத்தைப் பார்க்கவில்லை, காலணியைப் பார்த்துச் சொன்னார்.

நாள் நெருங்கிவிட்டது. கடைசி வெள்ளிக்கிழமைதான் பாக்கி. கடைக்காரர் இப்போது லீலண்டின் கார் வரும்போதே கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டிருந்தார். காந்தமே வேண்டாம் என்றார். கம்பியைத் தாங்கும் மரக்கட்டையில் ஒட்டுகிற பிக்கப் இருக்கிறது, அது மரத்தின் அதிர்வையே எடுக்கும் என்றார். எடுத்தது. அதோடு சட்டைப் பொத்தான் உரசுவதையும், லீலண்டின் தாடை கிட்டாரில் படுவதையும், அவன் மூச்சு விடுவதையும் எடுத்தது. நிலவறையில் அவன் ஒரு பாட்டு வாசித்ததும், மேலேயிருந்து கோரின் இறங்கி வந்து யாராவது கதவைச் சுரண்டுகிறார்களா என்று கேட்டாள்.

“இதுதான் மரத்தோட சத்தம்” என்றான் லீலண்ட், எரிச்சலை அடக்கிக்கொண்டு.

“மரத்துல ஏதோ புகுந்துட்டு வெளிய வரத் துடிக்குது” என்றாள் அவள்.

கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தான். மறுபடியும் வெண்கலக் கம்பி. கிட்டாரின் ஓட்டைக்குள்ளே குட்டி மைக் ஒன்று. காது கேட்பதை அப்படியே அது கேட்கும், அப்படியே அனுப்பும். நிலவறையில் போட்டுப் பார்த்தபோது அவனுக்கே மெய்சிலிர்த்தது. மரம்தான், சாட்சாத் மரம். பெரிய மரம். கோரின்கூட படியில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள், அப்புறம் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை முதல் நான்கு பாட்டும் தேன். லீலண்ட் வாழ்க்கையிலேயே இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. மீன்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பரிமாறும் பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்தாவது மெதுவான பாட்டு. ஆர்வில் தனியாக நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்து இழுத்தார். வயசாகிவிட்டது, சுரம் இரண்டு இடத்தில் ஆடிப்போனது. லீலண்ட் ஒரு நல்ல மனநிலையில், பக்கத்தில் இருந்த டெல்பர்ட்டுக்கு மட்டும் கேட்கும்படி கிட்டாரின் மேல் தலை குனிந்து முணுமுணுத்தான்.

“ட்ரம்பெட்டா இது, பால் கறக்க மறந்துபோன மாடா?”

குட்டி மைக் தன் கடமையைச் செய்தது. காது கேட்பதை அப்படியே கேட்டது, அப்படியே அனுப்பியது. மைக்கின் இரைச்சலோ ஊளையோ ஒன்றுமில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதுபோல அவ்வளவு இயல்பாக, கூடத்தின் மூலைமுடுக்கெல்லாம் கேட்டது. முள்கரண்டிகள் நின்றன. பால்பண்ணைக்காரர்கள் நிறைந்த கூடம் அது. யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

ஆர்வில் ட்ரம்பெட்டை இறக்கினார். திரும்பவில்லை. பாட்டை மறுபடியும் எடுத்து முடித்தார். பிறகு இருந்த பாட்டுகளையும் முடித்தார். லீலண்ட் எல்லாவற்றுக்கும் வாசித்தான், ஆனால் என்ன வாசித்தான் என்று அவனைக் கேட்டால் தெரியாது.

எல்லாம் முடிந்ததும் ஆர்வில் அவன் அருகில் வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்பவும் மரியாதையாக, அடுத்த வாரம் ஷெபோய்கனிலிருந்து ஒருத்தன் வருகிறான், ஆம்ப் இல்லாதவன் என்று சொல்லிவிட்டுக் கைகுலுக்கினார்.

லீலண்ட் வயர்களைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு பாருக்கு வந்து உட்கார்ந்தான். பார் பார்த்துக்கொள்ளும் பெர்னடீன் கேட்காமலே பிராந்தி கலந்து முன்னால் வைத்தாள். அவள் அந்தக் கிளப்பில் ஆர்விலுக்கும் முந்தியவள். லீலண்டுக்கு மாட்டைப் பற்றி வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக ஆத்திரம் இருந்தது. அதை அவளிடம் கொட்டினான். மாசம் பூராவும் கடைகடையா ஏறி இறங்கினேன், கம்பிய மாத்தினேன், காந்தத்த மாத்தினேன், வீட்டுல தூங்கல, எல்லாம் அந்த மனுஷனுக்குக் கேக்கணும்னுதான் என்றான்.

“அவருக்குக் கேக்கணும்னு யார் சொன்னது?” என்றாள் பெர்னடீன்.

“அவரேதான். மொத வெள்ளிக்கிழமையே மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. உன் கிட்டார் கேக்கவே இல்லன்னு.”

பெர்னடீன் துடைத்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அப்படியேவா சொன்னாரு?”

“அப்படியேதான்.”

“நடனத்துக்குத் தட்டுற கிட்டார் தனியா காதுல விழக்கூடாது லீலண்ட். டிரம்ஸுக்குள்ள கரைஞ்சு போயிடணும், காலுக்கு மட்டும் தெரியணும். அதுதான் ஆர்விலோட கணக்கு” என்றாள். பிறகு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“அந்த ஒரு வார்த்தைய அவர் வாயால கேட்டுடணும்னுதான் ஹார்லன் முப்பது வருஷம் வாசிச்சாரு. சாகுற வரைக்கும் அவருக்குக் கிடைக்கல.”