ராஜாவின் கை வாசலுக்குப் போன கதை

புதுத் தொழில்நுட்பம் ஊருக்குள் வந்ததும் முதலில் போய் விழுபவர்கள் இரண்டு வகை. காசுள்ள முட்டாள், காசில்லாத முட்டாள். திருவொற்றியூரில் வகைக்கு ஒருவராக இருந்தோம்.

காசுள்ளவர் எங்கள் முதலாளி. இறால் கிடங்கைக் கழுவி (கழுவியதாகச் சொன்னார், மூக்கு நம்பவில்லை), சுற்றிலும் கேமரா மாட்டி, நடிப்பைக் கம்ப்யூட்டருக்குள் பிடிக்கும் ஸ்டுடியோ என்று பலகை வைத்தார். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அனிமேஷன் படித்துவிட்டுத் திரிந்த நான், அப்பா சொல்லிவைத்திருந்த துறைமுக வேலையை உதறிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன்.

வேலை இதுதான்: உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பு, மூட்டுக்கு மூட்டு பளபளக்கும் குட்டிப் பந்து. நான் நடந்தால் திரையில் கம்ப்யூட்டர் வரைந்த ராஜா நடப்பார்.

"கேமராவுக்கு என் மூஞ்சி தெரியாதும்மா. பளபளப்பு மட்டும்தான் தெரியும். அத வெச்சே கை எது, கால் எதுன்னு கம்ப்யூட்டர் கண்டுபுடிச்சிடும்" என்று வீட்டில் வகுப்பெடுத்தேன்.

"உன் மூஞ்சி தெரியாத வரிக்கும் நல்லது" என்றாள் தங்கச்சி.

ஒரு சிங்கப்பூர்க்காரர் பார்க்க வந்தார். அவர் தலையசைத்தால் கம்பெனிக்கு ஆர்டர், எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் அப்பா முன்னால் போய் நிற்க வேண்டும். இந்த வெற்றியை நேரில் காண அம்மாவை வேறு அழைத்திருந்தேன். (அறிவாளி!)

என்னைப் பார்த்ததும் அம்மா அலறினாள். "இன்னாடா இது கோலம்! நல்ல நாளும் அதுவுமா முழுக்கக் கறுப்பு! அத்தினி கண்ணும் உம்மேலதான் கீது!"

அத்தினி கண் என்றது கேமராக்களை.

"எம்மா, கம்முனு குந்து."

நான் கையை உயர்த்தி ஆசி வழங்கினேன். திரையில் ராஜாவும் வழங்கினார். சிங்கப்பூர்க்காரர் லேசாகச் சிரித்தார். அப்படியே அசையாமல் நிற்க வேண்டிய கட்டம். மகன் சும்மாதானே நிற்கிறான் என்று, விருந்தாளி டீ குடித்த சாசரில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு வந்துவிட்டாள் அம்மா.

பந்தைவிடக் கற்பூரம் பளபளப்பு. அதுதான் என் மணிக்கட்டு என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டியது. ராஜாவின் கை ரப்பராக இழுபட்டு அவர் தலையையே சுற்றத் தொடங்கியது.

"நிறுத்தும்மா!"

"மூணு சுத்து முடியாம நிறுத்துனா இன்னும் பேஜாரு. நில்லு நைனா."

முடிந்தது. வழக்கப்படி சாசரை வாசலில் வைக்க அம்மா நடந்தாள். கையும் கூடவே கிளம்பியது, அரண்மனைத் தூணையெல்லாம் துளைத்துக்கொண்டு, திரையின் ஓரத்தையும் தாண்டி.

"உங்கள் ராஜா எங்கே போகிறார்?" என்றார் சிங்கப்பூர்க்காரர்.

"ராஜா இங்கதான் சார் இருக்காரு. கை மட்டும் வெளிய போயிருக்கு" என்றார் முதலாளி, மிகுந்த மரியாதையுடன்.

ஆர்டர் வரவில்லை. கிடங்குக்கு இறால் திரும்பியது, துறைமுகத்துக்கு நான் போனேன். இன்றும் சாப்பிடும்போது யாருக்காவது சாம்பார் எட்டவில்லையென்றால், "அண்ணனக் கேளு, அது கை வாசல் வரிக்கும் எட்டும்" என்பாள் தங்கச்சி.

அம்மா மட்டும் சிரிப்பதில்லை. "நான் சுத்திப் போட்டதாலதான் இவன் தப்பிச்சான்" என்பாள். "அந்தக் கண்ணு மொத்தமும் கம்பெனி மேல போச்சி பாத்தியா?"