நீர்வாய்க்கு வைத்த மூடி

வெண்பாறை நாட்டில் மழைக்குக் குறைவில்லை, ஆறுதான் கிடையாது. நாடு முழுவதும் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையெல்லாம் மேலூர்ப் பள்ளத்தில் உள்ள ஒரு பெரிய துவாரத்தில் இறங்கி, மலையின் வயிற்றுக்குள் இருட்டிலேயே நடந்து, கீழூரில் ஊற்றாக வெளியே வரும். மேலூரார் அந்தத் துவாரத்தை நீர்வாய் என்று சொல்லிக் கும்பிட்டார்கள். அதன் பக்கத்தில் யாரும் துணி துவைப்பதில்லை, எச்சில் துப்புவதில்லை. விழுகிற சருகுகளை வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து அள்ளினார்கள். கீழே குடிக்கிறவர்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியும். எல்லாம் அங்கே கட்டிக்கொடுத்த பெண்கள்.

மேலூர் ராக்கம்மாளின் மகள் சொர்ணமும் கீழூரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ராக்கம்மாள் தன் முறை வருகிற நாளில் ஒரு வாழைப்பூ மடலை நீர்வாயில் விடுவாள். அது ஊற்றில் வந்து மிதந்தால், அம்மா சுகமாயிருக்கிறாள் என்று மகள் தெரிந்துகொள்வாள்.

தேர்தல் வைத்து அரசரைத் தேர்ந்தெடுக்கும் நாடு அது. ஒருமுறை நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த பேரமைச்சர் வித்தகபூபதி, ராக்கம்மாள் மடல் விடுவதைக் கண்டார்.

“எங்கே போகிறது அந்த மடல்?”

“மண்ணுக்குள்ளங்கய்யா. தண்ணியோட போகும்.”

“தண்ணீருமா? அரசரின் வானத்திலிருந்து விழுந்த தண்ணீர், அரசரைக் கேட்காமல் பூமிக்குள் போகிறதா?”

சபை கூடியது. அறிஞர்கள் ஆழ்ந்து ஆலோசித்தார்கள். நீர்வாய் ஒரு தேசத்துரோகி என்று தீர்மானமாயிற்று. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு அதன்மேல் குன்றுபோல ஒரு மூடி கட்டினார்கள். கொம்பையா என்ற காவலனை மூடியின் உச்சியில் நிறுத்தினார்கள்.

மழை வந்தது. போக வழியில்லாமல் தேங்கியது. மேலூரின் கேழ்வரகு வயல்கள் மூழ்கின. அரசு உடனே அந்தத் தேக்கத்துக்கு ‘அரசர் பெருங்கடல்’ என்று பெயரிட்டு, மேலூரார் இன்றுமுதல் மீனவர்கள் என அறிவித்து, ஆளுக்கொரு வலை கொடுத்தது. மீன் இல்லையே என்று கேட்டவர்களிடம், மீன் அடுத்த ஆணையில் வரும் என்று அதிகாரிகள் பொறுமையாக விளக்கினார்கள்.

கீழூரில் ஊற்று வற்றியது. ஊற்று நிறைந்திருக்கிறது என்று ஆணை வந்தது. ஆகவே வெறுங்குடத்தோடு தெருவில் நடப்பது குற்றமாயிற்று. அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்த சொர்ணம், குடத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அடுத்த மலைக்கு நடந்தாள்.

செய்தி கேட்டு ராக்கம்மாள் அழுதாள். ஆனாலும் வீட்டில் மிச்சமிருந்த கேழ்வரகில் தினமும் கூழ் காய்ச்சி, வாழைமரத் தெப்பத்தில் கொம்பையாவுக்குக் கொண்டுபோனாள். மூடியின் மேல் நிற்கிறவனுக்கும் பசிக்கும் அல்லவா?

“ஏன் ஆத்தா, உன் வயல முக்கின மூடிக்கு நான் காவல். எனக்குப் போயி கூழ் ஊத்துறியே?”

“மூடிக்கா ஊத்துறேன்? உன் வயித்துக்குத்தானே. பேசாமக் குடி.”

“கண்ணு ஏன் கலங்கியிருக்கு?”

“பச்ச உடம்புக்காரி தண்ணிக்கு மலை ஏறி எறங்குறாப்பா. பால் வத்திப்போச்சாம். பிள்ள கத்திக்கிட்டே கெடக்காம்.”

கொம்பையா கூழைக் குடித்து முடித்தான்.

“எனக்கு உத்தரவு இந்த மூடியப் பாத்துக்கிட்டு நிக்கணும்னுதான். அந்தா, அந்தப் பாறை ஓரத்து மண்ணப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல.”

“என்னப்பா சொல்ற?”

“நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்குக் கூழுல ரெண்டு கல்லு உப்பு கூடப் போடு.”

சுண்ணாம்புப் பாறைக்கு ஒரு வாய் மட்டும் இருப்பதில்லை. பாறை ஓரத்தில் மண் தூர்ந்துபோன பழைய பிளவு ஒன்று இருந்தது. மறுநாள் மேலூரே மண்வெட்டியோடு திரண்டு அதைத் தோண்டியது. கொம்பையா மூடியின் மேல் நின்று மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது சாயும்போது தண்ணீர் ஒரு பெரிய ஏப்பம் விட்டுக்கொண்டு மலைக்குள் இறங்கியது. எல்லோரும் கைகூப்பினார்கள்.

பேரமைச்சர் விரைந்து வந்தார். கடலைக் காணவில்லை. மூடியைத் தட்டிப் பார்த்தார். ஒரு கல்கூட அசையவில்லை. “சட்டம் வென்றது!” என்று சொல்லிக் கொம்பையாவுக்குப் பதக்கம் அணிவித்தார்.

கீழூர் ஊற்றில் முதலில் கலங்கல் வந்தது. பிறகு தெளிந்து பொங்கியது. வாரம் திரும்புவதற்குள் அங்கே பந்தல் போட்டு, ‘அரசர் ஊற்று வழங்கும் விழா’ நடத்தினார்கள். இரண்டு ஊராரையும் அழைத்துவந்து உட்கார வைத்தார்கள். ராக்கம்மாள் மடியில் பேரன் வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுத் தூங்கினான்.

பேரமைச்சர் முழங்கினார். “கல்லைப் பிழிந்து தண்ணீர் தந்திருக்கிறார் நம் அரசர்!” அத்தோடு தொண்டை கட்டிக்கொண்டது. சொர்ணம் எழுந்துபோய் ஊற்றில் ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் தொடர்ந்தார்: “வரும் தேர்தலிலும் அவரையே தேர்ந்தெடுத்தால், மழையையும் தருவார்!”

சொர்ணம் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

“ஏண்டி, பிள்ள முழிச்சுக்கப் போறான். எதுக்கு இந்தத் தட்டு தட்டுற?” என்றாள் ராக்கம்மாள்.

“நீயும் தட்டும்மா. தட்டலைன்னா வானத்துக்கும் மூடி போட்டுருவாக.”