பச்சையாகவே இருந்த பொத்தான்

என் அக்கா மகனும் எங்கள் வீட்டுக் கணினிகளுக்கு ஒரே வைத்தியருமான மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் உடம்பளவில் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரையாவது.

நீதிமன்றத்துக்கு நான் வாக்குமூலங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பவன். வெளியார் கண்ணில் படாதபடி, வி.பி.என். என்கிற மறைவான இணைய வழியில்தான் அவற்றை அனுப்ப வேண்டும் என்பது அலுவலகக் கட்டளை. அதற்கென அவர்கள் தந்த மென்பொருள் ஒவ்வொரு தடவையும் குறியெண் கேட்டு உயிரை வாங்குகிறது என்று உன்னிடம் புலம்பினேன். நீ வந்தாய், அதைத் தூக்கினாய், இலவசமாக ஒன்றை இறக்கினாய். "ஒரே பொத்தான்தான் மாமா. பச்சையா இருந்தா கோட்டைக்குள்ள இருக்கீங்கன்னு அர்த்தம்" என்றாய்.

செவ்வாயன்று வீட்டில் இணையம் படுத்துக்கொண்டது. நூலகத்துக்குப் போய், அங்கே ஊருக்கே பொதுவான வைஃபையில், பச்சையைப் பார்த்துவிட்டு ஒரு வாக்குமூலத்தை அனுப்பினேன். முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டுக் கைக்குழந்தையோடு ஒளிந்து வாழும் பெண்ணுடையது. அவள் இருக்கும் இடமும் அதில் இருந்தது. நாற்காலியை விட்டு எழுவதற்குள் அலுவலகத்துக் கணினிப் பிரிவு அம்மாள் ஃபோனில் கூப்பிட்டார்.

"சார், ஃபைல் வி.பி.என். வழியா வரலை. பொது வைஃபைலேர்ந்து நேரா வந்திருக்கு."

"பச்சையா இருக்கேம்மா."

"இருக்கும். உள்ள இணைப்பு அறுந்துடுச்சு. அறுந்தா இணையத்தையே நிறுத்தணும், இல்ல உங்ககிட்டயாவது சொல்லணும். உங்க மென்பொருள் ரெண்டையும் செய்யலை."

எதிரே மடிக்கணினியோடு இருந்த தாடிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். திருடன் இவன்தான் என்று முடிவுகட்டி, புத்தகம் தேடுகிறவன் போல அவர் முதுகுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். மனுஷன் பூனைக்குச் சட்டை தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் மறுபடி ஃபோன், இந்தத் தடவை காவல் அதிகாரி. அந்தப் பெண்ணை உடனே இடம் மாற்ற வேண்டும். அவள் மொழி தெரிந்தவன் நான் ஒருவன்தான். நானே சொல்ல வேண்டும். அவளையும் அதே இணைப்பில் சேர்த்தார். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சொன்னேன்.

"உடனே கிளம்பணும்மா."

"ஏன், கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"தெரியலைம்மா."

"பாப்பா இப்பதான் தூங்குச்சு" என்றாள். பிறகு, "யாரால இப்படி ஆச்சு?"

இணைப்பில் இருந்த அதிகாரிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் பேசவில்லை. அதனால் பதிலையும் நானே சொன்னேன். "என்னாலம்மா." பை திறக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள்தான் உயிர் வந்தது. ஃபைலை வேறு யாரும் தொடவில்லை. அலுவலக இணையதளமே தன் பக்கம் ஒரு பூட்டு வைத்திருந்ததாம். அவளும் குழந்தையும் புது இடத்தில் பத்திரம். "சுலபமா இருக்கறது தப்பில்ல சார், நடத்தறது யாருன்னே தெரியாதத நம்பினதுதான் தப்பு" என்றார் அம்மாள். ஆகவே இனி என் வாழ்க்கையில் கணினி கிடையாது. காகிதம், பேனா, ஒட்டிய உறை. உலகத்தில் இதைவிடப் பாதுகாப்பு எதுவுமில்லை.

நீ நீண்ட ஆயுளோடும், இதைவிட நல்ல யோசனைகளோடும் வாழ வாழ்த்தும்,
மாமா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லிக் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்திருந்தேன். இப்போதுதான் பிரித்த உறையும் கடிதமுமாக மேலே ஏறி வந்தார், கண் கலங்கி. "அந்தப் பொண்ணு பத்திரம்னு படிச்சப்புறம்தான் சார் எனக்கு ஊசியில நூலே கோக்க வந்துது. என் சம்சாரம் இன்னும் அழுதுட்டிருக்கா." ஞாயிற்றுக்கிழமை வந்து, குறியெண் கேட்குமே, அந்த அலுவலக மென்பொருளையே போட்டுக் கொடுத்துவிட்டுப் போ.