நிற்பதற்கென்றே ஒரு கார்

ஓடுவதல்ல, நிற்பதே நாகரிகத்தின் உச்சம் என்று உலகுக்கு உணர்த்திய பெருமை ஒஹையோ மாநிலம் டொலிடோவில் வசிக்கும் வெண்டல் கிராயெவ்ஸ்கியையே சேரும். அவருடைய சின்னக் கார் பதினாறு ஆண்டுகளாக பிரேக்கை மிதித்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அது எவ்வளவு பெரிய அவலம் என்பதை இணையத்தில் இயங்கும் ‘பிரேக் அன்பர் பேரவை’தான் அவருக்கு எடுத்துச் சொன்னது. கம்பெனி போட்ட பிரேக்கை நம்பி முட்டை வாங்கக்கூடப் போகக் கூடாது என்று பேரவை ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது.

வெண்டல் களத்தில் இறங்கினார். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் ஒரு பிக்கப் டிரக்கிலிருந்து வந்தது. அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், காயலான் கடையில் கிடந்த சவ ஊர்தியிலிருந்து. அதில் போனவர்கள் யாரும் பிரேக்கைக் குறை சொன்னதில்லையாம். டிஸ்க் பெரிதாக இருந்ததால் சக்கரம் மாட்ட முடியவில்லை. பெரிய சக்கரம் வாங்கினார். அது மட்கார்டில் உரசியது, மட்கார்டை வெட்டினார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மிச்சமிருந்தது ஒரே வேலை: பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுப்பது. இதற்கு இரண்டு ‘வல்லுநர்கள்’ வேண்டும். கீழே படுத்துக் காலிப்பரின் திருகைத் திறக்கக் கணவர், மேலே உட்கார்ந்து மிதிக்க மனைவி.

மனைவி லோர்னாவுக்கு அன்று மதியம் ஒரு மணிக்குக் கொலம்பஸில் நர்ஸ் உரிமத் தேர்வு. மூன்று வருடப் படிப்பு, இரண்டரை மணி நேரப் பயணம், வீட்டில் ஒரே கார்.

“மிதி.”

“மிதிச்சாச்சு.”

“பிடி... விடு. இப்ப எப்படி இருக்கு?”

“வெண்ணெயில கால வச்ச மாதிரி இருக்கு. தரை வரைக்கும் போகுது.”

“ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். பேரவையில சொல்லியிருக்காங்க.”

மூன்று மணி நேரமும் ஆரம்பமாகவே இருந்தது. நான்கு டப்பா பிரேக் ஆயில் தீர்ந்தது. பத்து மணிக்கு லோர்னா இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

“வெண்டல், காத்து மேலதானே போகும்?”

“ஆமா.”

“அப்ப அத வெளிய விடுற திருகு ஏன் கீழ இருக்கு?”

வெண்டல் பெருந்தன்மையோடு சிரித்தார். “கண்ணு, நீ படிச்சது மனுஷ உடம்பு. இது கார்.”

“நாங்க ஊசிய நிமித்திப் பிடிச்சுத்தான் காத்த எடுப்போம். தலைகீழா பிடிச்சா நோயாளி செத்துருவான்.”

ஜனநாயகவாதியான வெண்டல் உடனே படம் எடுத்துப் பேரவையின் முன் வைத்தார். நாற்பத்தொரு உறுப்பினர்கள் காலிப்பரின் சிவப்புப் பூச்சை வாழ்த்தினார்கள். அதற்குள் லோர்னா டாக்ஸிக்குப் போன் செய்தாள்; கொலம்பஸ் என்றதும் வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருந்தார். பதினொன்றரைக்கு நாற்பத்திரண்டாவது உறுப்பினர் எழுதினார்: “அண்ணே, இடது காலிப்பர வலதுலயும் வலத இடதுலயும் மாட்டிட்டீங்க. அதான் திருகு கீழ போயிடுச்சு. கழட்டி மாத்துங்க. ஆனா கலர் பிரமாதம்.”

லோர்னா நுழைவுச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அழவில்லை.

“சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்,” என்றார் வெண்டல். “மிதிக்க நீ இருப்பேல்ல?”

அன்றே பேரவையில், புது பிரேக்கின் நிறுத்தும் சக்தி அபாரம் என்று அவர் வெற்றி அறிக்கை வெளியிட்டார். அதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. கார் ஓரடிகூட நகராத நிலையிலேயே அந்த பிரேக் நிறுத்திக் காட்டிவிட்டது, அந்த வீட்டில் எங்கேயாவது போய்ச் சேரக்கூடிய ஒரே ஆளை.